வாரம் ஒரு மாலை, கையில் பேனா

எழுத ஆசையுள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வட்டம் தொடங்குகிறார்கள். முதல் வாரம் அறிமுகம். இரண்டாம் வாரம் சிறப்பு விருந்தினர். மூன்றாம் வாரம், அடுத்த விருந்தினருக்குப் பொன்னாடை யார் வாங்குவது என்று விவாதம். வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் முடிந்து மணி பார்த்தால் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். எழுத வந்தவர்கள் கைதட்டிவிட்டுக் கலைகிறார்கள். சில மாதங்களில் வாட்ஸப் குழு மட்டும் மிஞ்சுகிறது. அதிலும் காலை வணக்கப் படங்கள்.

நம் ஊர் எழுத்து வட்டங்கள் பல இப்படிக் கரைவதற்கு ஆர்வக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது. மேடைப் பழக்கம்தான் காரணம். இங்கே நாலு பேர் கூடினால் ஐந்தாவதாக மைக் வந்துவிடும். இலக்கியக் கூட்டத்துக்கு அது பொருந்தும். எழுத்து வட்டமோ தையல் பட்டறை மாதிரி. வந்த ஒவ்வொருவர் முன்னாலும் துணி இருக்க வேண்டும். ஆகவே முதலிலேயே ஒரு விதியைப் போட்டுக்கொள்ளுங்கள்: கூடும் நேரத்தில் பாதிக்கு மேல், உறுப்பினர்கள் எழுதுவதிலும் அவர்கள் எழுதிய பக்கத்தைப் பார்ப்பதிலும் செலவாக வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த விதியைக் காப்பாற்றும் வழிகள்தான்.

இடம், நேரம், ஆள்

கிளை நூலகம் நல்ல இடம். வாசகர் வட்டம் ஏற்கெனவே இருக்கும் நூலகமாக இருந்தால், நூலகரிடம் பேசி அதன் பெயரிலேயே வாரம் ஒரு மாலை கேட்கலாம். இல்லாவிட்டால் பள்ளி வகுப்பறை, குடியிருப்போர் சங்கத்தின் அறை. டீக்கடையில் பேசலாம்; எழுத முடியாது. யாராவது ஒருவர் வீட்டில் வைத்தால் அந்த வீட்டுப் பெண்களுக்குக் காபி போடுவதே வேலையாகிவிடும், அதைத் தவிருங்கள்.

நாளும் நேரமும் மாறக் கூடாது. சனிக்கிழமை மாலை 4 முதல் 6 என்றால் அதேதான். ஆள் வரவில்லை என்று ஒத்திப்போட ஆரம்பித்தால் வட்டம் நிலைக்காது. 1930களிலும் 40களிலும் ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீன், சி. எஸ். லூயிஸ் முதலானோர் வியாழன் இரவுகளில் லூயிஸின் கல்லூரி அறையில் கூடி, எழுதிக்கொண்டிருந்ததை வாசித்துக் காட்டினார்கள். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் பகுதிகள் அச்சேறும் முன்னால் கேட்கப்பட்டது அந்த அறையில்தான். அவர்களுக்குத் தலைவர், செயலாளர், சந்தா எதுவும் கிடையாது. குறித்த நாள், குறித்த அறை, கையில் புதுப் பக்கம், அவ்வளவுதான்.

நேரம் குறிக்கும்போது கடைசி பஸ்ஸை நினைவில் வையுங்கள். இரவு 8 மணிக்கு முடியும் கூட்டத்துக்குப் பெண்களும் புறநகரில் இருப்பவர்களும் தொடர்ந்து வர முடியாது. ஆறு முதல் பத்துப் பேர் வரை இருந்தால் எல்லாருக்கும் முறை வரும். பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு வட்டமாகப் பிரிந்துவிடுங்கள்.

முதல் கால் மணி நேரம்

எந்த வாரமானாலும் கூட்டம் எழுத்தோடு தொடங்கட்டும். சரியாக 4 மணிக்கு ஒருவர் பயிற்சியைச் சொல்வார். 15 நிமிடம் எல்லாரும் எழுதுவார்கள். பேனா நிற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, திரும்பிப் படிக்கக் கூடாது. தாமதமாக வருகிறவர் வணக்கம் சொல்லாமல் உட்கார்ந்து எழுதத் தொடங்க வேண்டும். அமெரிக்க ஆசிரியர் பீட்டர் எல்போ 1973இல் எழுதிய நூலில் பரவலாக்கிய முறை இது. உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருத்திக்கொண்டிருக்கும் வாத்தியாரைச் சற்று நேரம் வெளியே அனுப்புவதுதான் இதன் நோக்கம். எழுதியதை விரும்பியவர் வாசிக்கலாம். ஆனால் அந்தப் பச்சை எழுத்துக்கு விமர்சனம் கிடையாது. இந்த வரம்பை மீறினால் அடுத்த வாரம் பேனாக்கள் தயங்கும்.

பயிற்சியைத் தேர்வதில்தான் நடத்துகிறவரின் திறமை தெரியும். 'மழை', 'தாய்மை', 'தனிமை' என்று கொடுக்காதீர்கள். அவற்றுக்கு ஆயத்த வரிகள் எல்லார் மனதிலும் இருக்கின்றன. பாதி சினிமாப் பாட்டிலிருந்து வந்தவை. ஒரு சூழ்நிலையும் ஒரு தடையும் கொடுங்கள். சில மாதிரிகள்:

சொத்துப் பிரித்துப் பேச்சு நின்றுபோன அண்ணனும் தம்பியும் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார நேர்கிறது. சொத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக் கூடாது.

ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் போனில் பேசுகிறார். அவர் பேசுவது மட்டுமே நமக்குக் கேட்கிறது. மறுமுனையில் இருப்பவர் யார் என்று வாசகருக்குத் தெரிந்துவிட வேண்டும்.

விடியற்காலை பஸ் ஸ்டாண்ட். கண்ணால் கண்டது எதுவும் கூடாது. சத்தம், மணம், தொடுகை மட்டும்.

வீட்டில் யாரும் பயன்படுத்தாத, ஆனால் தூக்கிப் போடவும் மனம் வராத ஒரு பொருள். 'நினைவு', 'ஞாபகம்' என்ற சொற்களுக்குத் தடை.

தடை இருந்தால் பழகிய வழி அடைபடும். கை வேறு வழி தேடும். நல்ல வரி வருவது அப்போதுதான்.

நான்கு வாரம், நான்கு வேலை

மீதி ஒன்றே முக்கால் மணி நேரத்தை மாதத்தின் நான்கு வாரங்களுக்கும் நான்கு விதமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே கூட்டத்தில் எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் நடக்காது.

முதல் வாரம் எழுதும் வாரம். கால் மணி நேரப் பயிற்சியில் பிறந்ததை அங்கேயே உட்கார்ந்து நீட்டுவது. தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே தனியாக ஒரு பிரச்சினை உண்டு. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது ஒரு தமிழ். கதை சொல்லும் குரல் எதில் இருக்க வேண்டும், உரையாடல் எதில் இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கதையிலும் முடிவு செய்தாக வேண்டும். ஒரே காட்சியை ஒருமுறை எழுத்துத் தமிழிலும் ஒருமுறை சொந்த ஊர்ப் பேச்சிலும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எது தன்னுடைய குரல் என்பது எழுதியவருக்கே பிடிபடும். கூடவே, வட்டத்துக்கென்று ஒரு சொல் நோட்டு வையுங்கள். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் சொல்லகராதி தொகுத்தார்கள். உங்கள் வட்டத்தில் விவசாயியும் தையல்காரரும் ஓய்வுபெற்ற தபால்காரரும் இருந்தால், அவரவர் தொழில் சொற்களே அந்த நோட்டை நிரப்பப் போதும்.

இரண்டாம் வாரம் அலசும் வாரம். ஒரு கூட்டத்தில் இரண்டு படைப்புகள் போதும். ஒவ்வொன்றும் 1,500 சொல்லுக்குள். மூன்று நாள் முன்பே எல்லார் கைக்கும் போய்ச் சேர வேண்டும். வந்த இடத்தில் முதன்முறை கேட்டுவிட்டுச் சொல்லும் கருத்து மேலோட்டமாகவே இருக்கும். முதல் பக்கத்தை எழுதியவரைத் தவிர வேறொருவர் உரக்க வாசிக்கட்டும். உரையாடலில் அவர் நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே திருத்தம் தேவை. பிறகு வட்டமாக ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் பேசுவார்கள். அதுவரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, குறிப்பு எடுக்கலாம். டேமன் நைட் முதலான அமெரிக்க அறிபுனை எழுத்தாளர்கள் 1956இல் மில்ஃபோர்ட் என்ற ஊரில் தொடங்கிய பட்டறையின் முறை இது. காரணம் எளிது: கதையோடு கூடவே போய் ஒவ்வொரு வாசகருக்கும் விளக்கம் சொல்ல எழுத்தாளரால் முடியாது. பக்கத்தில் இல்லாதது வாசகருக்கு இல்லாததுதான்.

மூன்று விதப் பேச்சை இந்தக் கூட்டத்தில் தடுத்துவிடுங்கள். முதலாவது, "அருமை, தொடர்ந்து எழுதுங்கள்." இதை வைத்து எழுதியவர் எதையும் திருத்த முடியாது. இரண்டாவது, "இது கதையே இல்லை." இது தீர்ப்பு, உதவி இல்லை. மூன்றாவது, "நானாக இருந்தால் அவளை ஊரை விட்டே அனுப்பியிருப்பேன்." அது பேசுகிறவருடைய கதை. இவற்றுக்குப் பதிலாக, படிக்கும்போது தனக்கு என்ன நடந்தது என்பதை இடம் சுட்டிச் சொல்லப் பழக்குங்கள். "மாமியார் சாவியை இடுப்பில் செருகும் இடத்தில் எனக்குப் பயம் வந்தது." "மூன்றாம் பக்கத்தில் பேசுவது அக்காவா அண்ணியா என்று குழம்பி, திரும்பி வந்து படித்தேன்." "கடைசிப் பத்தி எனக்கு முன்பே தெரிந்ததைச் சொன்னது." இப்படிச் சொன்னால் எழுதியவருக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். சந்திப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் பேச்சில் வரவே கூடாது; பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்துவிடுங்கள். ஒரு 'க்'கைப் பற்றிய சண்டையில் அரை மணி நேரம் போய்விடும்.

மூன்றாம் வாரம் வாசிக்கும் வாரம். ஒரே ஒரு சிறுகதை, எல்லார் கையிலும் ஜெராக்ஸ். ரசனைப் பேச்சு வேண்டாம், தொழில் பேச்சு பேசுங்கள். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை எடுத்துக்கொண்டால், வறுமையைப் பற்றிய கதையைக் குழந்தைகளின் போட்டி விளையாட்டில் அவர் ஏன் தொடங்கினார், ஆசிரியர் எங்கெல்லாம் இரக்கப்படச் சொல்லாமல் விட்டார் என்று கேட்கலாம். முதல் பத்தியைக் கையால் ஒருமுறை எழுதிப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. வாக்கியத்தின் நீளம் விரலுக்குத் தெரியும். சில மாதங்கள் கழித்து இன்னொன்றும் செய்யலாம். இலக்கியச் சிந்தனை அமைப்பு, பத்திரிகைகளில் வந்த கதைகளிலிருந்து மாதந்தோறும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை 1970இல் தொடங்கியது. நீங்களும் அந்த மாத இதழ்களைப் பங்கிட்டுப் படித்து, ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று வாதாடுங்கள். இதழ்கள் என்ன மாதிரிக் கதையை வெளியிடுகின்றன என்ற விவரமும் தானாகக் கிடைத்துவிடும்.

நான்காம் வாரம் திருத்தும் வாரம். பல வட்டங்கள் விட்டுவிடுவது இதைத்தான். அலசிய படைப்பை எழுதியவர் திருத்திக் கொண்டுவருவார். மற்றவர்கள் தங்கள் பழைய பக்கங்களோடு வருவார்கள். வரிசையாகச் செய்யுங்கள்: முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள், பெரும்பாலும் கதை அங்கேதான் தொடங்கும். பிறகு 1,000 சொல்லை 800 ஆக்குங்கள். 'மிகவும்', 'ஒருவிதமான', 'ஏதோ' போன்றவை முதலில் போகட்டும். கடைசியாகத்தான் எழுத்துப்பிழை.

மாதத்தில் ஐந்தாவது சனிக்கிழமை வந்தால் அறையை விட்டு வெளியே போங்கள். வாரச் சந்தை, மீன் ஏலம், நீதிமன்ற வளாகம், எங்கேயாவது ஒரு மணி நேரம் தனித்தனியாக நின்று, காதில் விழுந்த பேச்சைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

வரும் சிக்கல்கள்

எந்த வட்டத்திலும் ஒருவர் அதிகம் பேசுவார். அவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர், நாம் தடுக்கத் தயங்குவோம். மனிதரைத் தடுக்க வேண்டாம், கடிகாரம் தடுக்கட்டும். நேரம் பார்க்கும் பொறுப்பு வாரம் ஒருவருக்கு மாறி வர வேண்டும். அவருக்கும் ஒரு வாரம் வரும்.

எழுதாமல் கருத்து மட்டும் சொல்ல வருகிறவர் இன்னொரு வகை. ஒரு மாதமாகப் பக்கம் எதுவும் கொண்டுவராதவர் அலசும் வாரத்தில் கேட்கலாம், பேசக் கூடாது என்று வைத்துக்கொண்டால், ஒன்று எழுதுவார், அல்லது நல்ல கேட்பவராவார்.

சொந்த வாழ்க்கையை எழுதுகிறவர்கள் வருவார்கள். பேசும்போது "நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள். "அந்தப் பெண்" என்றே சொல்லுங்கள். அறையில் வாசித்ததை வெளியே பேசுவதோ, பிரதியைப் படம் பிடித்து அனுப்புவதோ கூடாது என்பதை முதல் நாளே எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாதி, மதம், கட்சி பற்றிய கதை வரும்போது நிலைப்பாட்டைப் பற்றி வாதம் கிளம்பும். அப்போது பக்கத்துக்குத் திரும்புங்கள்: இந்தப் பாத்திரம் மனிதராக நிற்கிறதா, ஆசிரியரின் கொடிக்கம்பமாக நிற்கிறதா?

வாட்ஸப் குழுவில் மூன்றுக்கு மட்டும் அனுமதி: பிரதி, நேரம், பயிற்சி. அங்கே விமர்சனம் வேண்டாம்; எழுத்தில் வரும் கடுமைக்கு முகத்தில் வரும் சிரிப்பு துணையாக இருக்காது.

அச்சுக்குப் போகும்போது

செலவு என்றால் ஜெராக்ஸும் டீயும்தான். ஒரு டப்பாவில் அவரவரால் முடிந்ததைப் போடட்டும். தொகுப்பு நூல் போடும் ஆசை சீக்கிரமே வரும். ஒரு வருடம் பொறுங்கள். அதற்குள் இதழ்களுக்கு அனுப்பிப் பழகுங்கள். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். முகநூலில் போட்ட கதையைப் பிரசுரமானதாகவே கருதும் இதழ்கள் உண்டு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, எழுதிய கணத்திலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதியவரின் ஆயுளும் அதன் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். ஆகவே வட்டத்தின் பெயரில் தொகுப்பு போட்டாலும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அந்த ஒரு பதிப்புக்கு மட்டும் என்று அதில் இருக்கட்டும்.

மூன்று மாதம் முடிந்ததும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். வருகைப் பதிவேட்டை விடுங்கள். எத்தனை படைப்புகள் இரண்டாம் வடிவத்துக்கு வந்தன, அவற்றில் எத்தனை முதல் வடிவத்தைவிடத் தேறின என்று எண்ணுங்கள். தேறியவை ஒன்றிரண்டுதான் என்றால் புது ஆள் சேர்ப்பதாலோ பெரிய எழுத்தாளரைக் கூப்பிடுவதாலோ பயனில்லை. அடுத்த மாதம் பேசும் நேரத்தில் அரை மணியைக் குறைத்து, அதை எழுதுவதற்குக் கொடுங்கள்.