அறிகுறி அறிவோம்

மூளையைக் காக்கும் மண்டையோடு எலும்பால் ஆனது. அது விரிந்து கொடுக்காது. எனவே, உள்ளே கட்டி வளருமாயின் மூளை அழுத்தப்படும். அவ்வழுத்தமே அறிகுறிகளாக வெளிப்படுகிறது.

படுத்திருக்கும்போது தலைக்குள் அழுத்தம் மிகும். ஆதலால் விடியற்காலையில் தலைவலியும் வாந்தியும் உண்டாகலாம். பார்வை மங்குதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், தலைசுற்றல், நடை தள்ளாடுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல், முன்பு இல்லாத வலிப்பு, குணம் மாறுதல் ஆகியனவும் அறிகுறிகளாம்.

தலைவலி உடையோர் அனைவர்க்கும் கட்டி இராது. பசியாலும் உறக்கமின்மையாலும் தலை வலிக்கும். நாளுக்கு நாள் மிகும் வலியையும், பிற அறிகுறிகளோடு சேர்ந்து வரும் வலியையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வலிப்பு வந்தாலோ, கை கால் திடீரெனத் தளர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

பிரிட்டனில் 2011ஆம் ஆண்டு 'ஹெட்ஸ்மார்ட்' என்னும் இயக்கம் தோன்றியது. அது குழந்தைகளிடம் காணப்படும் அறிகுறிகளை அட்டையில் அச்சிட்டுப் பெற்றோர்க்கும் மருத்துவர்க்கும் வழங்கியது. முன்பு நோயைக் கண்டறிய ஏறத்தாழ 14 வாரங்கள் ஆயின. பின்னர் அக்காலம் 7 வாரங்களுக்கும் குறைந்தது.

நம் நாட்டிலும் இந்நோய்க்கு மருத்துவம் உண்டு. 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை மருத்துவத்தைத் தொடங்கினர்.

புனேயில் வாழும் தமிழ்க் குடும்பத்திற்கு ஊரிலிருந்து பாட்டி வருகிறார். அவர் தமிழ் மட்டுமே அறிவார். சசூன் அரசு மருத்துவமனைக்குச் சென்றால் மருத்துவர் மராத்தியில் வினவுவார். அங்கே பேரப்பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். "விடியக்காலையில தலை வலிக்குது, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்று பாட்டி கூறினால், அதனைத் 'தலைவலி' என்று மட்டும் சுருக்குதல் தகாது. எப்போது வருகிறது, எத்தனை நாளாக உள்ளது, உடன் வேறென்ன உண்டு என்னும் மூன்றையும் விடாது உரைத்தல் வேண்டும். ஒரு சொல் விடுபட்டால் நோய் அறிதல் தள்ளிப்போகக்கூடும். இரு மொழி அறிந்த பிள்ளை, பாட்டியின் உயிருக்குத் துணையாகிறது.

சொற்பொருள்
குழறுதல் – தெளிவின்றிப் பேசுதல்
தகாது – பொருந்தாது

பயிற்சி
1. விடியற்காலையில் தலைவலி மிகுவது ஏன்?
2. பொருத்துக: தலைவலி, வாந்தி, தலைசுற்றல் – சக்கர், டோகேதுகி, உல்டி.
3. பாட்டியின் கூற்றை எழுத்துத் தமிழில் எழுதுக.
4. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர்தம் உடல்நலம் பற்றி வினவி, அவர் கூறியவற்றை 5 தொடர்களில் எழுதுக.