இளநீர்க் காயில் ஒரு வடு

நுழையும்முன்

சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்த பின்னும், தமிழர் வீட்டுச் சமையலறையில் தேங்காய் இல்லாத நாள் அரிது. அத்தேங்காயை நாடி, மனிதர் கை எட்டுவதற்கு முன்பே மற்றோர் உயிரும் மரத்தில் குடியேறிவிடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அவ்வுயிரைக் கொடிய நஞ்சின்றிக் கட்டுப்படுத்த வேம்பும் பூண்டும் எவ்வாறு உதவுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தெருவோரக் குவியல்

கோடைக்காலத்தில் தில்லி, போபால், நாகபுரி போன்ற நகரங்களின் தெருவோரங்களில் இளநீர்க் காய்கள் குவிந்து கிடக்கும். அவற்றுள் பல, தென்னாட்டுத் தோப்புகளிலிருந்து சரக்குந்துகளில் வந்து சேர்ந்தவை. அக்குவியலை உற்று நோக்கினால், சில காய்கள் பச்சைப்பசேலென வழவழப்பாக இருக்கும். வேறு சிலவற்றின் தோலிலோ, காம்பின் அருகே தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும் பழுப்பு நிற வடுக்கள் காணப்படும். வண்டியில் உராய்ந்ததால் ஏற்பட்ட கீறல் என்றே வாங்குவோர் பலர் எண்ணுவர். அக்காயை ஒதுக்கிவிட்டு வேறு காய் கேட்பர். பெரும்பாலும் அது கீறலன்று. காய் குரும்பையாக இருந்தபோது சிலந்திப்பேன் விட்டுச் சென்ற அடையாளம் அது.

பூச்சியன்று, சிலந்தியின் உறவு

பயிரைத் தாக்கும் சிற்றுயிர்கள் அனைத்தையும் பூச்சி என்று அழைப்பது வழக்கம். ஆனால் சிலந்திப்பேன் பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவினம். பூச்சிக்கு ஆறு கால்கள். வளர்ந்த சிலந்திப்பேன்களுள் பெரும்பாலானவற்றுக்கு எட்டுக் கால்கள். தென்னையைத் தாக்கும் ஈரியோபைடு சிலந்திப்பேனுக்கோ நான்கே கால்கள். புழுவைப் போல் நீண்ட அதன் உடல், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையக் கால் பங்கு நீளமே உடையது. வெறும் கண்ணால் அதனைக் காண இயலாது. உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

இளங்காயின் தலைப்பகுதியில், காம்பை ஒட்டி, தொப்பி கவிழ்த்தாற்போல் சில இதழ்கள் மூடியிருக்கும். காயின் மிக மென்மையான, வளர்ந்துகொண்டே இருக்கும் திசு அத்தொப்பியின் அடியில்தான் உள்ளது. சிலந்திப்பேன்கள் அங்கே நுழைந்து சாற்றை உறிஞ்சுகின்றன. சில நாள்களில் இதழின் விளிம்புக்குக் கீழே வெளிறிய முக்கோண வடிவத் திட்டு ஒன்று தோன்றுகிறது. காய் பருக்கப் பருக்க அத்திட்டு பழுப்பாகி, வெடித்து, தழும்பாக நீள்கிறது. தாக்குதல் கடுமையானால் குரும்பைகள் உதிர்கின்றன. எஞ்சும் காய்கள் சிறுத்துக் கோணலாகின்றன. மட்டை இறுகிவிடுவதால் உரிப்பதும் கடினமாகிறது.

மண்டரி வந்த ஆண்டு

மெக்சிகோ நாட்டின் குரெரோ மாநிலத்தில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, 1965 ஆம் ஆண்டில் இவ்வுயிரை அறிவியலாளர் முதன்முதலாக விவரித்தனர். அசேரியா குரெரோனிஸ் என்னும் அதன் அறிவியல் பெயரில் அம்மாநிலத்தின் பெயர் பதிந்துள்ளது. இந்தியாவில் 1998 ஆம் ஆண்டு கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இது கண்டறியப்பட்டது. கேரள உழவர்கள் இதனால் வந்த கேட்டை ‘மண்டரி’ என்றனர். காற்றில் மிதந்து மரம் விட்டு மரம் தாவிய சிலந்திப்பேன், மலைகளைக் கடந்து தமிழ்நாட்டுத் தோப்புகளுக்கும் கருநாடகத்திற்கும் விரைவில் பரவியது. நான்கைந்து தென்னைகளை நம்பிக் குடும்பச் செலவை ஈடுகட்டி வந்த சிற்றுழவர்களுக்கு, சிறுத்த காய்களால் வருவாயும் சிறுத்தது.

நஞ்சு தெளித்தால் போதாதா?

பூச்சிக்கொல்லி தெளிப்பதே எளிய வழி என்று தோன்றலாம். தென்னையைப் பொறுத்தவரை அதில் நான்கு இடர்கள் உள்ளன. முதலாவது, சிலந்திப்பேன் தொப்பி இதழ்களின் அடியில் மறைந்து வாழ்வதால் மேலே தெளிக்கும் மருந்து அதனை எளிதில் சென்றடைவதில்லை. இரண்டாவது, வேரின் வழியாகச் செலுத்தப்படும் நஞ்சு சாற்றோடு மரம் முழுதும் பரவுகிறது. அதன் வீரியம் தணியும்வரை காய் பறிக்காமல் காத்திருக்க வேண்டும். மாதந்தோறும் இளநீர் இறக்கும் தோப்பில் அவ்வாறு காத்திருப்பது கடினம். மூன்றாவது, பூச்சிகளுக்கென உருவாக்கப்பட்ட மருந்துகளுள் பல சிலந்திப்பேன்களைக் கொல்வதில்லை; மாறாக, அவற்றைத் தின்று வாழும் நன்மை செய்யும் உயிர்களைக் கொன்றுவிடுகின்றன. காவலர் அழிந்த ஊரில் கள்வர் பெருகுவது போல், மருந்து தெளித்த பின் சிலந்திப்பேன்கள் முன்னிலும் பெருகுவதுண்டு. நான்காவது, மரத்தின் உச்சியில் அமர்ந்து நஞ்சைத் தெளிப்பவர் ஒரு மனிதர். காற்று திசை மாறினால் அது அவர் மீதே படியும்.

வேம்பின் ஆற்றல்

நெற்குதிரில் வேப்பிலை இட்டு வண்டுகளை விலக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அவ்வழக்கத்தின் உள்ளிருந்த உண்மையை அறிவியல் பின்னர் உறுதிப்படுத்தியது. 1962 ஆம் ஆண்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் தில்லிக்கு வந்தபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். பிரதானும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வு செய்தனர். வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்து நீரில் கலந்து பயிர்மீது தெளித்தனர். வெட்டுக்கிளிகள் அப்பயிரின் மீது வந்து அமர்ந்தன; ஆனால் உண்ணவில்லை. 1968 ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வேப்பம் விதையிலிருந்து அசாடிராக்டின் என்னும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர்.

அசாடிராக்டின் உடனே கொல்லும் நஞ்சன்று. அது தீங்குயிரின் பசியைக் கெடுக்கிறது, தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது, முட்டையிடுவதைக் குறைக்கிறது. வேப்பெண்ணெயின் பிசுபிசுப்போ சிற்றுயிரின் உடலை மூடி மூச்சுத் திணறச் செய்கிறது. வேம்பின் ஆற்றல் வெயிலில் சில நாள்களில் சிதைந்துவிடும். நஞ்சு மிச்சம் நிலைத்திராது என்பது அதனால் விளையும் நன்மை. மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டும் என்பது அதனால் விளையும் குறை.

பூண்டும் சோப்பும்

முழுப் பூண்டுப் பல்லுக்குக் கடும் மணம் இல்லை. அதனை நசுக்கியவுடன் மணம் எழுகிறது. பூண்டின் தனித்தனி அறைகளில் இருந்த இரு பொருள்கள் நசுங்கிக் கலக்கும்போதுதான் அல்லிசின் என்னும் கந்தகச் சேர்மம் உருவாகிறது. இக்காரப்பொருள் சிற்றுயிர்களை விலக்குகிறது. ஆகவே, கரைசலுக்குப் பூண்டை நன்கு அரைத்தல் வேண்டும். எண்ணெயும் நீரும் தாமாகக் கலவா என்பதால், இரண்டையும் இணைக்கச் சோப்பு தேவைப்படுகிறது.

கேரளத்தின் காசர்கோட்டில் அமைந்துள்ள மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், 2 விழுக்காடு வேப்பெண்ணெய் – பூண்டுக் கரைசலைத் தென்னை உழவர்களுக்குப் பரிந்துரைத்தது. 10 லிட்டர் கரைசல் செய்யும் முறை பின்வருமாறு:

1. 50 கிராம் கட்டிச் சோப்பைச் சீவி, 500 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைக்க வேண்டும்.
2. அதனுடன் 200 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி, பால் போல் ஆகும்வரை விடாமல் கலக்க வேண்டும்.
3. 200 கிராம் பூண்டை அரைத்து, 300 மில்லிலிட்டர் நீரில் கலந்து, துணியில் வடிகட்ட வேண்டும்.
4. பூண்டுச் சாற்றை வேப்பெண்ணெய்க் கலவையில் சேர்த்து, 9 லிட்டர் நீர் ஊற்றிக் கலக்க வேண்டும்.

கரைசலைச் செய்த அன்றே தெளிப்பது நன்று. வைத்திருந்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்.

இடமும் காலமும்

தென்னை ஏறக்குறைய மாதம் ஒரு பாளை விடும் மரம். ஆதலால் ஒரே மரத்தில் பூம்பாளையும் குரும்பையும் இளநீரும் முற்றிய காயும் ஒருங்கே இருக்கும். சிலந்திப்பேன் நாடுவது இளங்குலைகளையே. இரண்டு முதல் ஆறு மாத வயதுடைய குலைகளில், தொப்பி இதழ்களின் விளிம்பு நனையுமாறு தெளித்தால்தான் பயன் உண்டு. ஓலையில் தெளித்தால் உழைப்பும் எண்ணெயும் வீண். டிசம்பர் – பிப்ரவரி, ஏப்ரல் – ஜூன், செப்டம்பர் – அக்டோபர் என ஆண்டுக்கு மூன்று முறை தெளிக்க வேண்டும்.

இம்முறை மட்டுமே முழுத் தீர்வாகிவிடாது. மரம் ஊட்டத்துடன் இருக்கத் தொழுவுரமும் வேப்பம்பிண்ணாக்கும் இட வேண்டும். உதிர்ந்த குரும்பைகளைப் பொறுக்கி எரிக்க வேண்டும். சிலந்திப்பேனைத் தின்னும் மற்றொரு சிலந்திப்பேன் இனமும், அதன் உடலில் வளர்ந்து அதனைக் கொல்லும் பூஞ்சையும் இயற்கையிலேயே உள்ளன. அவை வாழ இடம் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் தோப்பில் மட்டும் தெளித்தால் அண்டைத் தோப்பிலிருந்து காற்று மீண்டும் சிலந்திப்பேனைக் கொண்டுவரும். ஊரார் ஒன்றுகூடிச் செய்தால் மட்டுமே பலன் நிலைக்கும்.

வாங்குபவரின் பங்கு

இவ்வளவு செய்தாலும் சில காய்களில் வடு இருக்கவே செய்யும். தாவரச் சாறு சிலந்திப்பேனைக் குறைக்குமேயன்றி, அடியோடு ஒழிக்காது. வடு மட்டையின் மேற்புறத்தில் மட்டுமே உள்ளது. உள்ளிருக்கும் நீரின் இனிமையை அது கெடுப்பதில்லை. ஆயினும் நகரத்தில் இளநீர் வாங்குபவர் வடுப்பட்ட காயை ஒதுக்குகிறார். அதனால் கடைக்காரர் அதற்கு விலை குறைக்கிறார். வணிகர் உழவரிடம் அதனை வாங்க மறுக்கிறார். வழவழப்பான காயையே எல்லாரும் கேட்டால், வேம்பையும் பூண்டையும் நம்பிய உழவர் மீண்டும் நஞ்சை நாட நேரிடும்.

உழவர் மரத்தடியில் எடுக்கும் முடிவு, தொலைவிலுள்ள நகரத் தெருவில் நிற்பவரின் விருப்பத்தோடு பிணைந்துள்ளது. வடுவுள்ள காய் பெரும்பாலும் குறையுள்ள காயன்று என்பதை அறிந்தவர், அதனைக் கையில் வாங்கத் தயங்கமாட்டார்.

சொல்லும் பொருளும்

குரும்பை – தென்னையின் இளம்பிஞ்சு
பாளை – தென்னையின் பூங்கொத்தை மூடிய மடல்
வடு – தழும்பு
திசு – உயிரணுக்களின் தொகுதி
குதிர் – தானியம் சேமிக்கும் கூடு
பிண்ணாக்கு – எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கை

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. தென்னையைத் தாக்கும் ஈரியோபைடு சிலந்திப்பேனுக்குக் கால்கள் ________.
2. இந்தியாவில் இது ________ ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது.
3. பூண்டை நசுக்கும்போது உருவாகும் சேர்மம் ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சிலந்திப்பேன் காயின் எப்பகுதியில் மறைந்து வாழ்கிறது?
2. கரைசலில் சோப்பு சேர்ப்பதன் காரணம் யாது?
3. வேம்பின் ஆற்றல் விரைவில் சிதைவதால் விளையும் நன்மையும் குறையும் யாவை?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. தென்னையில் நஞ்சு தெளிப்பதால் நேரும் இடர்களைத் தொகுத்து எழுதுக.
2. ‘உழவரின் முடிவு வாங்குபவரின் விருப்பத்தோடு பிணைந்துள்ளது’ – இக்கூற்றை ஏற்கிறீர்களா? காரணம் தருக.

ஈ. பிரித்து எழுதுக.
வேப்பெண்ணெய், தென்னந்தோப்பு, சிற்றுயிர், இளங்காய்

உ. வளர்ச்சி முறைப்படி வரிசைப்படுத்துக.
தேங்காய், குரும்பை, நெற்று, இளநீர்

ஊ. கணக்கிடுக.
ஒரு தோப்பிற்கு 30 லிட்டர் கரைசல் வேண்டும் எனில், தேவைப்படும் வேப்பெண்ணெய், பூண்டு, சோப்பு ஆகியவற்றின் அளவுகளை எழுதுக.

எ. செயல்பாடு
அருகிலுள்ள இளநீர்க் கடைக்குப் பெரியவர் ஒருவருடன் சென்று, 20 காய்களுள் எத்தனை வடுவுடையவை என எண்ணுக. வடுவுள்ள காய்க்கும் வழவழப்பான காய்க்கும் விலையில் வேறுபாடு உண்டா எனக் கடைக்காரரிடம் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.