தலையில் சிறு அடி: உறைதல் தடுப்பு மருந்து உண்போர் அறிய வேண்டியவை

சவ்வாது மலைவாழ் அங்கத்தினர்க்குத் தலையில் அடிபடுதல் புதிய செய்தி அன்று. புளிய மரத்தினின்று விழுதல், சாமைக் கொல்லையில் கால் சறுக்குதல், வளைவுச் சாலையில் இருசக்கர வண்டி கவிழ்தல் ஆகியன நேர்வனவே. நெசவாளர்க்கோ தாழ்ந்த வாயில் நிலை தலையில் இடிக்கும். காயம் சிறிதாயின் மஞ்சள் அப்பிக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறோம். இவ்வழக்கம் ஒரு சாராருக்கு உயிர்க்கேடாய் முடியலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உண்பவரே அச்சாரார்.

செயற்கை இதய வால்வு பொருத்தப்பெற்றோர், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியோர், கால் நரம்பில் இரத்தம் உறைந்து அடைத்தோர் ஆகியோர்க்கு மருத்துவர் இதனை அளிக்கின்றனர். வார்ஃபரின், அசினோகுமரால் ஆகியன பழையவை. டபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் ஆகியன புதியவை.

இம்மருந்தின் வரலாறு உழவரோடு தொடர்புடையது. 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நில்லாது மாண்டன. 1933-இல் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர், உறையாத மாட்டிரத்தத்தைப் பால் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு கார்ல் லிங்க் என்னும் இரசாயன அறிஞரிடம் வந்தார். அங்கு தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்ததே வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்த அது, 1954 முதல் மனிதர்க்கும் மருந்தாயிற்று.

இனித் தலையடியின் தன்மையைக் காண்போம். மண்டையோட்டிற்கும் மூளைக்கும் இடையே மெல்லிய இரத்தக் குழாய்கள் உள்ளன. முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால் அவை இழுபட்டு நிற்கும். சிறு அதிர்ச்சியிலும் அறுபடலாம். பிறர்க்கு இரத்தம் உறைந்து கசிவு அடைபடும். இம்மருந்து உண்போர்க்கு அது தொடரும். மண்டையோடு விரியாதாகையால் தேங்கும் இரத்தம் மூளையை அழுத்துகிறது. வெளிக்காயம் இல்லாமலும் இது நிகழும். அடிபட்டவர் எழுந்து நடந்து, உணவும் உண்டு, பல மணி நேரம் கழித்தே தளரலாம். சிலர்க்கு வாரங்கள் கழித்தும் குறி தோன்றும்.

2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தலையில் அடிபட்ட வார்ஃபரின் நோயாளிகளுள் நூற்றுக்கு 5 பேர்க்கு முதற் சோதனையிலேயே மூளையில் இரத்தக்கசிவு காணப்பட்டது. குளோபிடோகிரல் என்னும் வேறுவகை மாத்திரை உண்டோர்க்கு அது நூற்றுக்கு 12. முதற் படத்தில் கசிவு இல்லாதோர்க்குப் பின்னர்த் தோன்றியது மிக அரிது. ஆதலின் உரிய நேரத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் படம் பெரும் ஐயத்தைத் தீர்க்கும்.

செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, இம்மருந்து உண்பவர்க்குத் தலையில் அடிபட்டால், நலமாகத் தோன்றினும் அன்றே மருத்துவரிடம் செல்க. மலையிறங்க நேரமாகும், இரவு வரும்வரை காத்திருத்தல் ஆகாது. திருவண்ணாமலை, வேலூர் அடுக்கம்பாறை ஆகிய இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. இரண்டாவது, தலைவலி மிகுதல், வாந்தி, குழறிய பேச்சு, கைகால் தளர்ச்சி, வலிப்பு, எழுப்பவியலாத உறக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே 108-ஐ அழைக்க. மூன்றாவது, மாத்திரையின் பெயரையும் கடைசியாக உண்ட வேளையையும் மருத்துவரிடம் முதலிலேயே கூறுக. மருந்தின் வேகத்தை முறிக்கும் மாற்று மருந்து அதற்கேற்ப வேறுபடும். நான்காவது, ஆஸ்பிரின், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக உண்ணலாகாது. அவை கசிவை மிகுவிக்கும்.

இதனைப் படித்து அஞ்சி மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் பெருந்தவறு. செயற்கை வால்வில் இரத்தம் உறைந்தால் அதுவும் உயிரைக் கொள்ளும். நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதும் மருத்துவர் பொறுப்பு.

சங்கங்கள் செய்யத்தக்க எளிய பணி ஒன்றுண்டு. இம்மருந்து உண்ணும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்குமாறு அடுத்த கூட்டத்திலேயே எடுத்துரைக்கலாம். அடிபட்டவர் நினைவிழந்தாலும் அச்சீட்டு அவருக்காகப் பேசும்.