இரும்பு மாத்திரையும் தே தாரிக்கும்

ரத்தசோகைக்கு உங்களுக்கு மருத்துவர் ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மில்லிகிராம் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள இரும்பு சுமார் 65 மில்லிகிராம்தான். கேலாங் சிராய் உணவங்காடியில் பரோட்டாவும் தே தாரிக்கும் முடித்த கையோடு அதை விழுங்கினால், அதிலும் ஒரு பங்கு வீண். தேயிலையின் டானின் குடலில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்; பாலின் கால்சியமும் தடுக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடித்து, தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளிப்போடுங்கள் என்று தாதியர் சொல்வது இதனால்தான். வயிற்றைப் புரட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு விழுங்கலாம்; பாதியில் நிறுத்துவதைவிட அது மேல்.

ஒரு வேளை மறந்துவிட்டதா? மறுநாள் இரண்டாக விழுங்காதீர்கள். இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஏறக்குறைய ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்திவிடும். இரும்புச்சத்து குறைந்த பெண்களிடம் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்த மாத்திரையே நன்றாக உறிஞ்சப்பட்டது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம், உறிஞ்சப்படாத இரும்பு அது. தாரைப் போல் ஒட்டினாலோ வயிறு வலித்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சில வாரங்களில் களைப்பு குறையும். அப்போதுதான் பலர் மாத்திரையை மறக்கிறார்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும். அதுவரை மாத்திரை தம்பி, தங்கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மிட்டாய் என்று நினைத்துச் சில மாத்திரைகளை விழுங்கினாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து.