இருகால் பிடி: மற்போர்ப் பயிற்சியில் ஒரு பாடம்

மற்போரில் எதிராளியை நின்ற நிலையிலிருந்து தரைக்குக் கொணரும் முறைகள் பல உள. அவற்றுள் மிகுதியாகக் கையாளப்படுவது, அவனுடைய இரு கால்களையும் முழங்காலுக்குப் பின்னே சேர்த்துப் பிடித்து, தோளால் வயிற்றை முட்டித் தள்ளி வீழ்த்துவதாகும். இதனை இருகால் பிடி எனலாம். ஒலிம்பிக் பந்தயங்களில் நடைபெறும் இருவகை மற்போர்களுள் பிரீஸ்டைல் வகையில் இது அனுமதிக்கப்பட்டுள்ளது. கிரேக்க-ரோம வகையில் இடுப்புக்குக் கீழே பிடித்தலாகாது என்பது விதியாதலால் அங்கே இதற்கு இடமில்லை. ஜூடோ என்னும் ஜப்பானிய வித்தையிலும் இது முன்பு வழங்கிற்று. அதன் சர்வதேச விதிகள் 2010-ல் கால் பிடிகளைக் கட்டுப்படுத்தி, 2013-ல் அடியோடு விலக்கிவிட்டன. குத்தும் உதையும் பிடியும் கலந்த கலப்புப் போர்ப் பந்தயங்களிலோ இதனை அறியாதவன் கோதாவில் இறங்குவதே அரிது.

கிராமத்து வாலிபர்கள் இதனை முதன்முதல் முயலும்போது பெரும்பாலும் ஒரே தவறு நேர்கிறது. எதிராளியின் கால்களைக் கண்டதும் இடுப்பை வளைத்துக் குனிந்து, இரு கைகளையும் நீட்டிக் கால்களைப் பற்றி இழுக்கிறார்கள். எதிராளி ஓரடி பின்வாங்கினால் போதும். பிடிக்க வந்தவன் முகங்குப்புற விழுகிறான். கைப்பலம் போதவில்லை என்று எண்ணி, மறுநாள் காலையில் இன்னும் நூறு தண்டால் கூடுதலாக எடுக்கத் தொடங்குகிறான். தண்டால் நல்லதுதான். ஆனால் குறை கையில் இல்லை; முழங்காலில் இருக்கிறது.

விழுவதன் காரணம்

நிற்கும் மனிதனுடைய உடற்பாரம் முழுவதும் கொப்பூழுக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகக் கணக்கிடலாம். அப்புள்ளிக்கு நேர் கீழே அவனுடைய பாதங்களோ, பாதங்களுக்கு இடைப்பட்ட நிலமோ இருக்கும் வரையில் அவன் விழான். மார்பைப் பிடித்துத் தள்ளினால் ஒரு காலைப் பின்னே எடுத்து வைத்துத் தன் ஆதாரத்தை மீண்டும் பாரத்தின் கீழே கொண்டுவந்துவிடுகிறான். ஆகையால் வெறுந்தள்ளலால் பயனில்லை. தள்ளும் அதே கணத்தில் கால் பின்னே செல்லவொட்டாமல் தடுக்கவேண்டும். பின்புறமாக நடப்பவன் வரப்பில் கால் தடுக்கி மல்லாந்து விழுவதைக் கழனியில் கண்டிராதவர் இலர். இருகால் பிடியில் கைகளே அந்த வரப்பு. அவை இழுப்பதற்காக அல்ல, தடுப்பதற்காகவே இருக்கின்றன. வீழ்த்துவது தோளும் தொடையுமே. இவ்வொன்றை மனத்திற் கொண்டவனுக்கு மற்றவை யாவும் விரைவில் கைவரும்.

அடி வைக்கும் முறை

சங்கத்தின் நெற்கிடங்கில் மூட்டை சுமப்போரைக் கவனித்தால், அனுபவமுள்ளவன் முதுகை வளைப்பதில்லை என்பது தெரியவரும். முழங்கால்களை மடக்கி, முதுகை நேராக வைத்து, மூட்டையின் அடியில் தன்னைக் கொண்டுபோய்ப் பின்னரே எழுகிறான். இருகால் பிடியில் உடலைத் தாழ்த்துவதும் இவ்வாறேயாம். எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, முழங்கால்களை மடக்கி, தன் இடுப்பு அவன் இடுப்பிற்குக் கீழே வரும்படி தாழவேண்டும். தூரத்திலிருந்து பாய்வது வீண்.

தாழ்ந்தவுடன், ஒரு காலை எதிராளியின் இரு பாதங்களுக்கும் நடுவே வைக்கவேண்டும். பாதங்களுக்கு முன்னே அன்று, நடுவே. பயிற்சியாளர் பலகால் திருத்தவேண்டிய இடம் இது. ஒரு சாண் குறைந்தாலும் கைகள் நீளும், முதுகு வளையும், பழைய தவறு திரும்பும். அந்தக் காலின் முழங்கால் தரையைத் தொட்டுச் செல்லலாம். தரையில் மோதி நிற்கலாகாது. பின்காலை உடனே முன்னுக்குக் கொணர்ந்து பாதத்தை ஊன்றி எழவேண்டும். அமெரிக்க மல்லரான ஜோர்டன் பரோஸ் இப்பிடியினாலேயே உலகப் புகழ் பெற்றவர். 2012-ல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் 74 கிலோ பிரிவில் தங்கப்பதக்கம் பெற்றார். முழங்காலைத் தரையில் பதிக்காமலே ஓடிவந்து இடிப்பதுபோல் புகுவது அவருடைய வழக்கம். அது கண்ணுக்கு இனியது. ஆயினும் புதிதாகக் கற்போர் அதனைப் பின்பற்ற முற்படுவது நடக்கத் தெரியாத கன்றை வண்டியில் பூட்டுவதாகும்.

எழும்போது நேராக முன்னோக்கித் தள்ளாமல், தலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பித் தள்ளினால், எதிராளி காலை எட்டி வைக்க இடமின்றிச் சாய்வான்.

தலையின் இடம்

இப்பாடத்தில் மிகவும் கவனமாகப் படிக்கவேண்டிய பகுதி இதுவே. புகும்போது தலை எதிராளியின் விலாவை ஒட்டி, அவன் உடலுக்கு வெளியே, நிமிர்ந்து இருக்கவேண்டும். பார்வை மேல்நோக்கி இருக்கவேண்டும். தலை குனிந்தால் இரு கேடுகள் உண்டு.

முதலாவது, போட்டியில் தோல்வி. எதிராளி தன் கால்களைப் பின்னே எறிந்து, இடுப்பாலும் மார்பாலும் மேலிருந்து அழுத்துவான். இத்தற்காப்பு எல்லோரும் அறிந்தது. குனிந்த தலையின்மேல் அவன் பாரம் விழுந்தால் எழுதல் இயலாது. கலப்புப் போரிலோ, வெளியே நீண்டு குனிந்த கழுத்தை அவன் கையால் வளைத்து இறுக்கிவிடுவான். வீழ்த்தியவனே மூச்சுத் திணறித் தோல்வியை ஒப்புக்கொள்ள நேரும்.

இரண்டாவது கேடு அதனினும் பெரிது. கழுத்தெலும்புகள் இயல்பாகச் சற்று வளைந்து அமைந்திருப்பதனால் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. தலை குனியும்போது அவ்வளைவு நீங்கி, எலும்புகள் ஒரு கோல்போல் நேராக நிற்கும். அந்நிலையில் உச்சந்தலை எதிராளியின் உடலிலோ தரையிலோ மோதினால், அடி முழுவதும் எலும்புகளின் வழியே இறங்கித் தண்டுவடத்தைச் சிதைத்துவிடக்கூடும். கை கால் இரண்டும் ஆயுள் முழுவதும் செயலற்றுப்போவதற்கு அந்த ஒரு கணம் போதும். அமெரிக்கக் கால்பந்து விளையாட்டில் தலையை முன்னிட்டு மோதும் வழக்கத்தினால் இத்தகைய விபத்துகள் பெருகின. 1976-ல் அவ்வழக்கம் விதியால் தடுக்கப்பட்டபின் சில ஆண்டுகளிலேயே அவை பெரிதும் குறைந்தன. விதியொன்று ஏட்டில் நில்லாமல் கழுத்துகளைக் காத்ததற்கு இது நல்ல சான்று.

ஆதலால் தலையைக் குனிந்து புகும் வாலிபனை, அவன் எதிராளியை வீழ்த்திவிட்டாலும், பயிற்சியாளர் பாராட்டலாகாது. உடனே நிறுத்தி, மீண்டும் தொடங்கச் செய்யவேண்டும். வெற்றி பெற்ற தவறே மிகவும் ஆபத்தானது, அடுத்த முறையும் அதனையே செய்வானாதலால்.

கற்பவருக்கு எதிரில் நின்று விழுபவருக்கும் ஒரு பாடம் உண்டு. மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டால் பிடரி தரையில் மோதாது. விழும்போது கையை நீட்டித் தரையில் ஊன்றினால் முழங்கை பிசகும். இவ்விரண்டையும் முதல் இரண்டு வாரங்களில், பிடியே கற்பிக்காமல், குந்திய நிலையிலிருந்து பின்னே சாய்ந்து பழகச் செய்வது நலம். வாலிபர்கள் சலித்துக்கொள்வார்கள், சலித்துக்கொள்ளட்டும்.

ஒரு பந்தயம்

இப்பிடியின் பயனைக் காட்டும் பந்தயமொன்று நம் நாட்டார்க்கு நன்கு அறிமுகமானது. ஹரியானாவில் ரோத்தக் ஜில்லாவைச் சேர்ந்த மோக்ரா கிராமத்தில் பிறந்த சாக்ஷி மாலிக், 2016-ல் ரியோ டி ஜனீரோ ஒலிம்பிக்கில் மகளிர் 58 கிலோ பிரிவில் வெண்கலப் பதக்கத்திற்காகக் கிர்கிஸ்தானத்தின் ஐசுலு டினிபெக்கோவாவுடன் பொருதார். பந்தயம் மும்மூன்று நிமிஷமாக இரு பகுதிகள். முதற்பகுதி முடிவில் சாக்ஷிக்குப் புள்ளி ஒன்றுமில்லை; எதிராளிக்கோ ஐந்து. இரண்டாம் பகுதியில் அவர் மீண்டும் மீண்டும் கால்களை நோக்கியே புகுந்து புள்ளிகளைச் சமமாக்கினார். கடைசிச் சில விநாடிகளில் எதிராளியை வீழ்த்தி இரண்டு புள்ளிகள் பெற்றார். எதிர்த்தரப்பார் செய்த முறையீடு தள்ளுபடியானதால் இன்னுமொன்று சேர்ந்து, 8-5 என்று பந்தயம் முடிந்தது. ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை அவரே. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போராடிக் களைத்தபின் கைப்பலத்தை நம்பியவர்க்கு அத்தகைய முடிவு கிட்டுவது அரிது; கால் நடை சரியாக இருந்தவர்க்கே கிட்டிற்று.

களமும் செலவும்

மெத்தை விரிப்பு வாங்க இயலாத கிராமங்கள் மண் கோதாவே அமைத்துக்கொள்ளலாம். கல்லும் வேரும் நீக்கிச் சலித்த மண்ணைப் பரப்பி, பயிற்சிக்கு முன் நாள்தோறும் மண்வெட்டியால் கொத்திப் பொலபொலப்பாக்கி, அளவாக நீர் தெளிக்கவேண்டும். மகாராஷ்டிரத்திலும் வட இந்தியாவிலும் எண்ணெய், மோர், மஞ்சள் முதலியவற்றை அதில் கலப்பது வழக்கம். மஞ்சள் கலந்த மண்ணாயினும் புண்ணுள்ளவன் அதில் இறங்கலாகாது. தனுர்வாதத் தடுப்பூசி போட்டுக்கொள்வதும் எல்லோர்க்கும் அவசியம். மண்ணில் பாதம் புதைவதால் இருகால் பிடியின் அடி சற்று மெதுவாகும். மண்ணில் மட்டும் பழகியவர் விரிப்பில் ஏறும்போது தம் வேகத்தைத் திருத்திக்கொள்ளவேண்டியிருக்கும்.

சதாரா ஜில்லாவில் கோலேஷ்வர் கிராமத்துக் காஷாபா ஜாதவுக்கு அவ்வாறே நேர்ந்தது. மண்ணில் வளர்ந்த அவர் 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் விரிப்பின்மேல் பொருது ஆறாம் இடம் பெற்றார். 1952-ல் ஹெல்சிங்கி செல்ல வேண்டிய பணத்தை ஊரார் வீடு வீடாகச் சேர்த்தனர். அதுவும் போதாதபோது, அவர் பயின்ற கோல்ஹாப்பூர் ராஜாராம் கல்லூரியின் தலைவராயிருந்தவர் தம் வீட்டை அடமானம் வைத்து ஏழாயிரம் ரூபாய் கொடுத்தார். ஜாதவ் 57 கிலோ பிரிவில் வெண்கலப் பதக்கத்துடன் திரும்பினார். சுதந்திர இந்தியாவில் தனிநபர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகளுடன் ஊரார் அவரை எதிர்கொண்டழைத்தனர். பின்னர் அவர் கோல்ஹாப்பூரில் குஸ்திப் பந்தயங்கள் நடத்தி, வசூலான பணத்தைக் கொண்டு அந்த வீட்டை மீட்டுக் கொடுத்தார்.