இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும்

நாணயம் என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் உடையது. கையிற் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். இதனை ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர்க்கு விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இந்தியாவிலும் ரூபா, இங்கும் ரூபா. பெயர் ஒன்றாயிருக்க மதிப்பு வேறானது எப்படி?" என்று வினவினான். இலக்கணங் கற்பிக்கும் எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் கற்றுத் தெளிந்தவற்றை அவனுக்கும் ஏனையோர்க்கும் இம்மலர் வாயிலாகக் கூற விழைகின்றேன்.

ஒரே வெள்ளி

பிரித்தானியர் ஆட்சியில், 1825 தொடக்கம் பவுண், சிலிங், பென்ஸ் என்பனவே இலங்கை அரசாங்கத்தின் கணக்கு. ஆயினும் சந்தையிலும் தோட்டங்களிலும் இந்திய வெள்ளி ரூபாவே பெரிதும் வழங்கிற்று. அரிசியும் துணியும் தொழிலாளரும் தென்னிந்தியாவிலிருந்து வந்தமையே காரணம். மக்கள் வழக்கைச் சட்டம் பின்தொடர்ந்தது. 1872 ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி தொடக்கம் ரூபாவும் சதமும் இலங்கையின் கணக்கு நாணயமாயின. பழைய கணக்குகள் ரூபா ஒன்றுக்கு 2 சிலிங் 3 பென்ஸ் என்ற வீதத்தில் மாற்றப்பட்டன. இந்தியர் ரூபாவை 16 அணாவாக வகுத்தனர். நாம் 100 சதமாக வகுத்தோம். வேற்றுமை அவ்வளவே. ரூபா நாணயமோ 180 கிறெயின் எடையும், அதிற் பன்னிரண்டிற் பதினொரு பங்கு தூய வெள்ளியும் கொண்ட அதே இந்திய நாணயம்.

அதன்பின் உலகில் வெள்ளி விலை வீழ்ந்தது; அதனோடு ரூபாவும் வீழ்ந்தது. 1893 இல் இந்திய அரசாங்கம், வெள்ளி கொண்டுவருவோர்க்கெல்லாம் ரூபா அடித்துக் கொடுப்பதை நிறுத்தியது. பின்னர் 1 சிலிங் 4 பென்ஸ் அளவில் நின்ற ரூபா, 1927 இல் 1 சிலிங் 6 பென்ஸ் என நிறுவப்பட்டது. இம்மாற்றங்கள் அனைத்திலும் இலங்கை ரூபா இந்திய ரூபாவை நிழல்போற் பின்சென்றது.

என் பேரனார் நம் துறைமுகக் கடற்படைத் தளத்திற் பணியாற்றியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உடனுழைத்த தமிழகத் தொழிலாளர் ஊருக்கனுப்பிய பத்து ரூபா, அங்கும் பத்து ரூபாவாகவே சேர்ந்தது. அஞ்சற் கூலி மட்டுமே கழிவு என்று அவர் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

பிரிந்த வழிகள்

1949 செப்டெம்பரிற் பவுண் மதிப்பிறங்கியபோது இரு ரூபாவும் உடனிறங்கின. டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 ரூபா 32 சதமாக இருந்தது, இரு நாட்டிலும் 4 ரூபா 76 சதமாயிற்று. 1950 ஆகஸ்ட் 28 ஆந் தேதி இலங்கை மத்திய வங்கி தன் பணியைத் தொடங்கியது. இலங்கை ரூபாவின் மதிப்பு 2.88 கிறெயின் தூய பொன் என வரையறுக்கப்பட்டது. இந்திய ரூபாவின் பொன்மதிப்பும் அதுவே. எனினும் இவ்வொருமை இப்போது சட்டத்தால் இறுகிய கட்டு அன்று. இரு நாடும் தனித்தனியே எடுத்த முடிவு ஒத்திருந்தது, அவ்வளவே.

அவ்வொப்பு 1966 யூன் 6 ஆந் தேதி முறிந்தது. போரும் வறட்சியும் வாட்டிய இந்தியா, டொலருக்கு 7 ரூபா 50 சதம் எனத் தன் நாணயத்தை இறக்கியது. இலங்கை அசையவில்லை. மறுநாட் கணக்குப்படி 100 இலங்கை ரூபாவுக்கு ஏறத்தாழ 157 இந்திய ரூபா. 1967 நவம்பரிற் பவுண் மீண்டும் இறங்க, இலங்கையும் டொலருக்கு 5 ரூபா 95 சதம் என இறக்கியது. அப்போது அதே 100 ரூபாவுக்கு 126 இந்திய ரூபாவே.

இக்கணக்கு ஏட்டுக் கணக்கன்று. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி, தாயகந் திரும்பும் தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்று கொண்டுசெல்லத்தக்க பணத்தின் உச்ச எல்லை 4,000 ரூபாவிற் குறைக்கப்படலாகாது. அந்த 4,000, ஒப்பந்த நாளின் வீதப்படி 4,000 இந்திய ரூபா. 1966 இன் பிற்பகுதியில் ஏறத்தாழ 6,300. 1967 இன் இறுதியில் ஏறத்தாழ 5,040. ஒரு தலைமுறையின் கொழுந்துக் கூலி, கப்பலேறும் மாதத்தைப் பொறுத்துக் கூடியுங் குறைந்தும் நின்றது.

தாழ்வு

1968 மே மாதத்தில் இலங்கை, அந்நியச் செலாவணிச் சான்றிதழ் முறையைப் புகுத்தி, ஒரே நாணயத்துக்கு இரு விலை வகுத்தது. அரிசி, மா போன்ற இன்றியமையாப் பண்டங்களுக்கு ஒரு வீதம். ஏனையவற்றுக்கு உயர்ந்த வீதம். 1977 நவம்பரில் அம்முறை ஒழிந்து, டொலர் 16 ரூபா எனத் தொடங்கிச் சந்தை வழியே விடப்பட்டது. அந்நாளில் இந்தியாவில் டொலர் 9 ரூபாவுக்குங் குறைவு. நிறைகோல் மறுபக்கஞ் சாய்ந்தது. விலைவாசி எந்நாட்டில் விரைந்து ஏறுகின்றதோ, அந்நாட்டு நாணயம் தாழும். போர்ச் செலவும் இறக்குமதிச் சுமையும் பெருகிய நம் நாட்டில் ஏற்றம் விரைவாயிருந்தது.

1990 இல் நான் சிறுவன். ஊர்விட்டு, மன்னார் வழியே படகேறி இராமேசுவரக் கரை சேர்ந்தோம். தந்தையாரின் மடியில் 5,000 இலங்கை ரூபா இருந்தது. அவ்வாண்டில் டொலர் இங்கு ஏறத்தாழ 40 ரூபா, இந்தியாவில் ஏறத்தாழ 17 ரூபா 50 காசு. ஆகவே நேர்மையான கணக்கில் 2,200 அளவு கிடைத்திருத்தல் வேண்டும். கரையிற் காத்திருந்த ஒருவர் 1,000 தந்தார். தந்தையார் எண்ணிப் பார்த்து, ஒன்றும் பேசாது வாங்கிக்கொண்டார். வீதம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருப்பினும் வேறு வழியில்லை. அன்று மாலை அம்மையார் காதுத் தோட்டைக் கழற்றினார்.

2022 இல் டொலர் சில கிழமைகளில் 203 ரூபாவிலிருந்து 360 ஐக் கடந்தபோது, இந்திய ரூபா ஒன்று நான்கரை இலங்கை ரூபாவுக்கு மேலாயிற்று. அவ்வாண்டிலும் குடும்பங்கள் படகேறின. பின்னர் நம் ரூபா ஓரளவு மீண்டது.

மாணவ, இதுவே உன் வினாவுக்கு விடை. ஒரே வெள்ளியிற் பிறந்த இரு ரூபாவும், ஈரரசின் வரவுசெலவும் விலைவாசியும் வேறானமையால் வேறாயின. கணக்கு எளிது: டொலர் இங்கு எவ்வளவு, அங்கு எவ்வளவு என அறிந்து, ஒன்றை ஒன்றால் வகுத்தல் போதும். அவ்வளவு அறிந்தவனை மாற்றுவோர் எளிதில் ஏய்த்தல் இயலாது. அறியாதவனோ, மாற்றுவோர் நாணயத்தை நம்பியே நிற்றல் வேண்டும்.