கோடு எழுத வந்த தம்பி தங்கைகளுக்கு

பேரோல், பில்லிங், ஸ்டாக் என்று கம்பெனிகளுக்கான மென்பொருள் எழுதப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "சார், வேகமா ஓடுற மாதிரி எழுதணுமா, பின்னால வர்றவங்களுக்குப் புரியற மாதிரி எழுதணுமா?" பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் சண்டையே இல்லை. சண்டை வருகிற இடம் கொஞ்சம்தான், அது எது என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். பேரோலை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். சட்டமும் கணக்கும் ஒன்றாகப் புழங்குகிற இடம் அது.

1. அளந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

இரண்டாயிரம் பேர் வேலை பார்க்கும் மில்லுக்குச் சம்பளம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். ஆளுக்கு ஒரு முறை லூப் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வருகை, லீவு, ஓவர்டைம், அட்வான்ஸ், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று ஆறு குவெரி. ஆக 12,000 தடவை டேட்டாபேஸுக்குப் போய்வர வேண்டும். சர்வர் பக்கத்து அறையில் இருந்து, ஒரு தடவைக்கு 2 மில்லிசெகண்ட் பிடித்தால், 24 விநாடியில் முடிந்துவிடும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதே சர்வரை வெளியூர் டேட்டா சென்டருக்கு மாற்றி, போய்வர 30 மில்லிசெகண்ட் ஆகட்டும், ஆறு நிமிடம். அக்கவுண்ட்ஸிலிருந்து போன் வரும்.

அப்போது யாராவது ஒரு கெட்டிக்காரப் பையன் சம்பளக் கணக்கு ஃபங்ஷனைத் திறந்து, எட்டு வரியில் தெளிவாக இருந்ததை ஒரே வரியில் முறுக்கி வைப்பான். அந்தக் கணக்கு இரண்டாயிரம் பேருக்கும் சேர்த்து ஒரு விநாடிகூட எடுத்திருக்காது. செய்ய வேண்டியது வேறு. ஆறு குவெரியையும் லூப்புக்கு வெளியே கொண்டுவாருங்கள். அந்த மாதத்துக்கான பதிவுகளை மொத்தமாக வாங்கி, டோக்கன் நம்பர் வாரியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிடம் சில விநாடிகளாகும். கணக்குப் பகுதி டேட்டாபேஸை எட்டிப் பார்க்காததால், அதற்கு டெஸ்ட் எழுதுவதும் சுலபமாகிவிடும்.

2. எவ்வளவு வேகம் போதும் என்று கேளுங்கள்.

பில் கவுண்டரில் வரிசை நிற்கும்போது ஒரு விநாடி தாமதம்கூடக் குற்றம். ராத்திரி ஓடும் மாதாந்திர ரிப்போர்ட் இருபது நிமிடம் எடுத்தால் யாருக்கும் தெரியவே தெரியாது.

3. சட்டம் சொல்வதைச் சட்டம் போலவே எழுதுங்கள்.

இதில்தான் நான் பிடிவாதக்காரன். இ.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பள வரம்பு 2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய். தொழிலாளி பங்கு 1.75 சதவீதமாக இருந்தது, 2019 ஜூலை 1 முதல் 0.75 ஆனது. முதலாளி பங்கு 4.75-லிருந்து 3.25 ஆனது. இந்த எண்களைக் கோடுக்குள் நேராக எழுதியவர்கள் அந்த மாதம் ஃபைல் ஃபைலாகத் தேடினார்கள். எந்தத் தேதி முதல் எந்த விகிதம் என்று டேபிளில் வைத்தவர்கள் ஒரு ரோவைச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

விகிதமாவது பரவாயில்லை. மே மாதம் ஒருவருக்குச் சம்பளம் 23,000 ஆகிறது. வரம்பைத் தாண்டியதால் அவர் உடனே இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போய்விட மாட்டார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. செப்டம்பர் முடியும் வரை முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம் உண்டு. அதோடு, ரூபாய்க்குக் குறைந்த சில்லறை அடுத்த ரூபாய்க்கு ஏறும். வரம்பு, பங்களிப்புக் காலம், சில்லறை என்ற இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயரிட்டு மூன்று சின்ன ஃபங்ஷன் எழுதுங்கள். ஒரே நிபந்தனையில் அடைத்தால் மிச்சமாவது மைக்ரோசெகண்ட். "எனக்கு ஏன் ஜூலையில் பிடித்தீர்கள்?" என்று ஒருவர் வந்து நின்றால், விரல் வைத்துக் காட்ட ஒரு வரி வேண்டாமா?

4. கேஷ் (cache) போடுமுன் அது எப்போது பொய் சொல்லும் என்று யோசியுங்கள்.

வரி விகிதம் எப்போதோ ஒருமுறைதான் மாறுகிறது, மெமரியில் பிடித்து வைத்தால் என்ன என்று தோன்றும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. முந்தின நாள் எண்ணையே பிடித்துக்கொண்டிருந்த சர்வர் காலையில் போட்டிருக்கும் பில் எல்லாம் தப்பு. கேஷைத் துடைத்தாலும் போதாது, பழைய பில்லின் சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான் போக வேண்டும். பொருளையும் பில் தேதியையும் சேர்த்துச் சாவியாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

5. சில இடங்களில் தெளிவான வழியே வேகமான வழி.

ஒரு நிதியாண்டின் பில்களை எடுக்க, தேதிப் பத்தியின்மேல் வருடத்தையும் மாதத்தையும் பிரிக்கும் ஃபங்ஷன்களைப் போடுகிறார்கள். அந்தப் பத்தியில் இண்டெக்ஸ் இருந்தாலும் பொதுவாகப் பயன்படாது, டேபிள் முழுவதும் படிக்கப்படும். "ஏப்ரல் 1 முதல், அடுத்த ஏப்ரல் 1-க்கு முன் வரை" என்று எழுதுங்கள். இண்டெக்ஸும் வேலை செய்யும், படிப்பவனுக்கும் புரியும்.

(வேகத்தைப் பற்றி இப்போதே கவலைப்படாதே என்று கணினி விஞ்ஞானி டொனால்ட் க்னூத் எழுதியதைக் காட்டி இதைக்கூடச் செய்யாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை அவர் எழுதிய 1974 கட்டுரையில் அதே இடத்தில், முக்கியமான அந்த 3 சதவீதத்தை மட்டும் விட்டுவிடக்கூடாது என்றும் அவர் எழுதியிருக்கிறார்.)

6. பணத்துக்கு ஃப்ளோட் வேண்டவே வேண்டாம். அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. டெசிமல் வையுங்கள், இல்லையென்றால் பைசாவை முழு எண்ணாக வையுங்கள்.

7. வேகத்துக்காக வளைத்தே ஆக வேண்டுமென்றால், வளைத்த இடத்தை மறைக்காதீர்கள்.

வருடத்துக்கு இரண்டே இலக்கம் என்று 1960-களில் எழுதியவர்களை முட்டாள்கள் என்று சொல்லாதீர்கள். பஞ்ச் கார்டில் மொத்தமே 80 பத்தி, மெமரியோ யானை விலை. அன்றைக்கு அது நியாயமான முடிவு. காரணம் போன பிறகும் அந்தக் கோடு 1999 வரை ஓடிக்கொண்டிருந்ததுதான் வினை, 00 என்றால் 1900-ஆ 2000-ஆ என்று அதற்குத் தெரியாது.

ஆகவே வளைத்த கோடைத் தனி ஃபைலில் ஒதுக்குங்கள். என்றைக்கு, எவ்வளவு டேட்டாவில் அளந்தீர்கள், முன்பு எத்தனை விநாடி, இப்போது எத்தனை விநாடி என்று மேலேயே கமெண்ட் போடுங்கள். மெதுவாக ஓடிய பழைய ஃபங்ஷனை அழித்துவிடாதீர்கள். டெஸ்ட் ஃபோல்டருக்கு மாற்றுங்கள். போன மாதச் சம்பளத்தை இரண்டிலும் ஓட்டி, பைசா வித்தியாசம் இல்லாமல் வருகிறதா என்று ஒவ்வொரு ரிலீஸுக்கும் பாருங்கள். வித்தியாசம் வந்தால் முதலில் பழையதை நம்புங்கள். சட்டம் மாறினால் பழைய ஃபங்ஷனைத்தான் முதலில் திருத்த வேண்டும், அதை ஒட்டி வேகமானதைத் திருத்திக்கொள்ளலாம். அடுத்த தடவை சர்வர் மாறும்போது மறுபடியும் அளந்து பாருங்கள். வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லையென்றால் வளைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையதையே கொண்டுவரலாம்.